வடிதாளில் தங்கியது

ஒரு பங்கு இரத்தம், ஏழு பங்கு தண்ணீர், ஒரு பங்கு 10 சதவீத சோடியம் டங்ஸ்டேட் கரைசல், கடைசியாக ஒரு பங்கு நீர்த்த கந்தக அமிலம். குடுவையை ரப்பர் மூடியால் அடைத்துக் குலுக்க வேண்டும். சிவப்பு மெல்ல மங்கிக் கரும்பழுப்பாகும். எல்லாம் சரியாக நடந்திருந்தால் எவ்வளவு குலுக்கினாலும் நுரை எழாது. ஒரு குமிழிகூட அநேகமாகத் தெரியாது.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் ஓட்டோ ஃபோலினும் அவருடைய மாணவர் வூ ஷியனும் 1919இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தக் குமிழிக் குறிப்பு வருகிறது. செய்முறையின் நடுவே, போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் அருமை ஆய்வுக்கூடத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். புரதம் கரைந்திருக்கும் நீரைக் குலுக்கினால் நுரைக்கும். நுரைக்கவில்லை என்றால் புரதம் முழுவதும் திரண்டுவிட்டது என்று பொருள். அதைத் தெரிந்துகொள்ளத் தனியாக ஒரு சோதனை தேவையில்லை, மருந்து தேவையில்லை, கருவியும் தேவையில்லை. எப்படியும் குலுக்கத்தானே போகிறோம், குலுக்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். வேதியியல் கட்டுரைகளில் இப்படி வேலையும் சோதனையும் ஒன்றாகிப்போகிற இடங்களைக் கண்டால் அங்கேயே சற்று நின்றுவிடுவது என் பழக்கம்.

அந்த அமிலத்தின் அளவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்றில் இரண்டு நார்மல் என்று விநோதமான ஒரு செறிவைச் சொல்கிறார்கள். டங்ஸ்டேட்டிலிருந்து டங்ஸ்டிக் அமிலத்தை விடுவிக்க எவ்வளவு வேண்டுமோ ஏறக்குறைய அவ்வளவுதான் அது. விடுபட்ட டங்ஸ்டிக் அமிலம் புரதத்தைப் பற்றிக்கொண்டு அதோடு சேர்ந்து கீழே போய்விடுகிறது. வந்த வேலை முடிந்ததும் வந்தவரும் போய்விடுகிறார். வடிதாளின் வழியே இறங்கும் நீரில் புரதமும் இல்லை, அதை விரட்டிய மருந்தும் அநேகமாக இல்லை. அதற்கு முன் புரதத்தை நீக்கப் பிக்ரிக் அமிலம் பயன்படுத்தினார்கள். டிரைகுளோரோ அசெட்டிக் அமிலமும் பயன்படுத்தினார்கள். அவை புரதத்தை நீக்கின, ஆனால் தாமே பின்தங்கி அடுத்தடுத்த சோதனைகளில் குறுக்கிட்டன. அதனால் யூரியாவுக்கு ஒரு தயாரிப்பு, யூரிக் அமிலத்துக்கு இன்னொன்று, சர்க்கரைக்கு வேறொன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. வூவின் வடிநீர் அத்தனைக்கும் பொது. புரதம் சாரா நைட்ரஜன், யூரியா, கிரியாட்டினின், கிரியாட்டின், யூரிக் அமிலம், சர்க்கரை எல்லாம் ஒரே புட்டியிலிருந்து வந்தன. மொத்தம் பத்துப் பங்கு என்பதால் பத்து மில்லி லிட்டர் வடிநீரில் ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தின் சாரம். கணக்கை மனத்திலேயே போட்டுவிடலாம். வூவின் முனைவர் பட்ட ஆய்வு இதுதான். தலைப்பும் ஆரவாரம் இல்லாதது: இரத்தப் பகுப்பாய்வுக்கு ஒரு முறைமை.

அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

வூ ஷியன் 1893இல் ஃபூஜியான் மாகாணத்து ஃபூச்சோ நகரில் பிறந்தார். அந்த நகரை ஒட்டிய மாவேயில் சீனாவின் புகழ்பெற்ற கப்பல் கட்டும் தளமும் கடற்படைப் பள்ளியும் இருந்தன. 1884இல் அங்கே நங்கூரமிட்டிருந்த சீனக் கப்பல்களைப் பிரெஞ்சுக் கடற்படை ஒரே நாளில் நாசம் செய்தது. அந்த ஊர்ப் பையன் 1911இல் அமெரிக்கா போய் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தபோது எடுத்த பாடம் கப்பல் வடிவமைப்பு என்பதில் வியப்பில்லை. பாக்ஸர் கிளர்ச்சிக்குப் பிறகு சீனாவிடம் பிடுங்கிய இழப்பீட்டுத் தொகையில் அமெரிக்கா திருப்பிக் கொடுத்த பங்கிலிருந்து வந்த உதவிச் சம்பளத்தில் போனவர் அவர். ஒரு கோடை விடுமுறையில் நியூ ஹாம்ப்ஷயர் பண்ணை ஒன்றில் தங்கியிருந்தபோது, உயிரின் பௌதிக அடிப்படை பற்றித் தாமஸ் ஹக்ஸ்லி எழுதிய பழைய கட்டுரை ஒன்றைப் படித்தார். உயிர் என்பதற்கும் ஒரு பொருள்வழி அடித்தளம் உண்டு, அதை வேதியியலால் தொட்டுப் பார்க்கலாம் என்ற வாதம். கப்பல் கரையிலேயே நின்றது. வேதியியலில் பட்டம் பெற்று, 1917இல் ஃபோலினிடம் வந்து சேர்ந்தார்.

ஃபோலினும் வந்தேறிதான், சுவீடனில் பிறந்து பதின்பருவத்தில் அமெரிக்கா வந்தவர். நிறத்தை வைத்து அளவைச் சொல்லும் கலையில் அவரை மிஞ்ச அன்று ஆள் குறைவு. அந்தக் கையும் இந்தக் கண்ணும் சேர்ந்ததால் 1920இல் அடுத்த கட்டுரை வந்தது. இரத்தச் சர்க்கரையை அளக்கும் ஃபோலின்-வூ முறை என்று உலகம் அறிந்தது அதைத்தான்.

அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடியில் ஒரு சிறு குமிழ், அதன் மேல் திடீரென்று ஒடுங்கும் கழுத்து, கழுத்துக்கு மேல் மறுபடி சாதாரணக் குழாய். அழகுக்காகச் செய்ததில்லை. இரண்டு மில்லி லிட்டர் வடிநீர், இரண்டு மில்லி லிட்டர் காரச் செம்புக் கரைசல். இரண்டையும் ஊற்றிக் கொதிநீரில் ஆறு நிமிடம் வைக்க வேண்டும். சர்க்கரை செம்பை ஒடுக்கிக் குப்ரஸ் ஆக்சைடாக மாற்றும். ஆனால் காற்றுப் பட்டால் அந்தச் செம்பு பழைய நிலைக்கே திரும்பிவிடும்; சர்க்கரை செய்த வேலையில் ஒரு பகுதி கணக்கில் வராமல் போகும். நான்கு மில்லி லிட்டர் ஊற்றினால் குமிழ் நிறைந்து நீரின் மேற்பரப்பு சரியாக அந்த ஒடுங்கிய கழுத்தில் வந்து நிற்கிறது. காற்றைத் தொடும் பரப்பு ஒரு சிறு வட்டம் மட்டுமே. மூடி போடுவதை விட்டுக் கண்ணாடியின் இடுப்பைச் சுருக்கியே காரியத்தை முடித்துவிட்டார்கள். பிறகு பாஸ்போமாலிப்டிக் அமிலம் ஊற்றினால் நீலம் மலரும். சர்க்கரை எவ்வளவோ நீலம் அவ்வளவு. நீர் சேர்த்து 25 மில்லி லிட்டராக்கி, டூபாஸ்க் நிறமானியில் வைத்து, கண்ணருகே தெரியும் இரண்டு அரைவட்டங்களின் நீலமும் ஒன்றாகும்வரை திருக வேண்டும். ஒரு பக்கம் அளவு தெரிந்த சர்க்கரை, மறுபக்கம் நோயாளியின் சர்க்கரை. இத்தனைக்கும் செலவான இரத்தம் 0.2 மில்லி லிட்டர்.

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இன்சுலின் வந்துவிட்டது. ஊசி போட்டால் ஆயிற்றா, எவ்வளவு இறங்கியது என்று பார்க்க வேண்டாமா? சர்க்கரையை அடிக்கடி அளக்க வேண்டிய காலத்துக்குச் சற்று முன்னதாகவே அளவுகோல் தயாராகிவிட்டது.

இந்த முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். செம்பை ஒடுக்கும் வேலையைச் சர்க்கரை மட்டும் செய்வதில்லை. சிவப்பணுக்களில் இருக்கும் குளூட்டத்தயோன் போன்றவையும் செய்யும். அதனால் ஃபோலின்-வூ முறையில் வரும் எண் உண்மையான குளுக்கோஸைவிடச் சுமார் 20 மில்லிகிராம் கூடுதலாக இருக்கும். பழைய பாடநூல்களில் வெறும்வயிற்றுச் சர்க்கரை 80 முதல் 120 வரை என்று போட்டிருப்பதற்கு இதுவே காரணம். நொதிவழிச் சோதனைகள் வந்த பிறகு அந்த எண் இறங்கிவிட்டது. ஆனாலும் நம் மருத்துவக் கல்லூரிகளின் செய்முறை ஏடுகளில் ஃபோலின்-வூ பல தலைமுறை நீடித்தது. இடுப்புச் சிறுத்த அந்தக் குழாய் கண்ணாடிக் கருவி விற்பவர்களின் பட்டியலில் இன்னும் இருக்கிறது.

இதோடு வூ ஷியன் நின்றிருந்தாலும் பெயர் நின்றிருக்கும். எனக்கு அவரிடம் பிடித்தது இதற்கு அப்புறம் நடந்ததுதான். வடிநீரை எடுத்துக்கொண்டு போகும்போது வடிதாளின் மேல் பழுப்பாக ஒரு சக்கை தங்குகிறதல்லவா, அதைத் தூக்கி எறிவதே முறை. அவர் புகழுக்குக் காரணமே அந்தச் சக்கையைச் சுத்தமாக எறியக் கற்றுக்கொடுத்ததுதான். 1920இல் சீனா திரும்பியவர், அடுத்த இருபது ஆண்டுகளின் பெரும்பகுதியை அந்தச் சக்கையிடமே செலவழித்தார். கரைந்து கிடந்த புரதம் ஏன் திரள்கிறது? திரளும்போது அதற்குள் என்ன நடக்கிறது?

அவர் போய்ச் சேர்ந்தது பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரி. ராக்கஃபெல்லரின் எண்ணெய்ப் பணத்தில், பழைய இளவரசர் மாளிகை ஒன்றிருந்த மனையில், பச்சை ஓடு வேய்ந்த சீனக் கூரைகளோடு எழுந்த நிறுவனம். 1924இல் உயிர்வேதியியல் அங்கே தனித் துறையானபோது அதன் தலைவர் வூ ஷியன். அந்தத் துறை வழியாகத்தான் சீனாவில் உயிர்வேதியியல் என்ற படிப்பு வேரூன்றியது என்று சொன்னால் மிகையாகாது.

புரதத்தை எறிந்தவர் புரதத்தை அளக்கத் தொடங்கியது 1922இல். ஃபோலினின் பீனால் மருந்து டைரோசின், டிரிப்டோஃபேன் என்னும் இரண்டு அமினோ அமிலங்களைக் கண்டால் நீலமாகும். எந்தப் புரதத்திலும் இவை கொஞ்சமாவது இருக்கும் என்பதால், அந்த நீலத்தை வைத்தே இரத்தப் பிளாஸ்மாவின் புரதங்களை அளக்கலாம் என்று காட்டினார். மறுபடியும் நீலம். இந்த முறை வடிதாளின் மறுபக்கத்திலிருந்து. 1951இல் ஆலிவர் லௌரியும் அவர் கூட்டாளிகளும் இதில் செம்பைச் சேர்த்துக் கூர்மையாக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அறிவியல் வரலாற்றிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அது. மூன்று லட்சம் தடவைக்கு மேல் காட்டப்பட்டிருக்கிறது. அதன் முதல் வாக்கியமே 1922இன் வூவைச் சொல்லித்தான் தொடங்குகிறது. மேற்கோள் காட்டிய மூன்று லட்சம் பேரில் எத்தனை பேர் முதல் வாக்கியத்தைப் படித்தார்களோ!

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. நோய் எதிர்ப்பு ஆய்வில், உடலுக்கு அந்நியமான பொருளும் அதை எதிர்க்கும் பொருளும் சேர்ந்து வீழ்படிவாகும்போது எதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாமல் திணறினார்கள். இரண்டுமே புரதம்; நைட்ரஜனை அளந்தால் இரண்டும் கலந்தே வரும். 1920களின் பின்பாதியில் வூவும் மாணவர்களும் அந்நியப் பொருளாக ஹீமோகுளோபினைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குத்தான் இயற்கையே நிறம் கொடுத்திருக்கிறதே. நிறத்தை அளந்தால் ஒன்று தெரிந்துவிடும். மொத்தத்திலிருந்து கழித்தால் மற்றது. எடுத்த பொருளிலேயே விடை பாதி இருக்கும்படி பொருளை எடுப்பது என்பது அவர் கைவந்த கலை.

இந்த ஆண்டுகளில் ஆய்வுக்கூடத்தில் அவரோடு இருந்தவர் யான் சாய்யுன். மேற்கில் டெய்சி யென் என்ற பெயரில் அறியப்பட்டவர். கொலம்பியாவில் ஊட்டச்சத்து படித்துவிட்டு 1923இல் துறைக்கு வந்தார். காரமும் அமிலமும் புரதத்தை என்ன செய்கின்றன என்று 1924இல் வந்த கட்டுரையில் பெயர்கள் வூ, யென். வெப்பத்தால் புரதம் திரிவதைப் பற்றி 1925இல் வந்த கட்டுரையில் வூ, வூ. இடையில் 1924 டிசம்பரில் திருமணம். கல்யாணப் பத்திரிகைக்கு இதைவிடச் சுருக்கமான வாசகம் கிடைக்காது.

புரத இயல்பு திரிதல் பற்றிய ஆய்வுகள் ஒரு தொடராக வளர்ந்தன. தொடரின் தொடக்கக் கட்டுரைகளில் ஒன்று, வெறுமனே குலுக்கினாலே புரதம் திரள்வதைப் பற்றியது, 1927இல் வந்தது. குலுக்கும்போது நுரைக்கிறதா என்று பார்த்துப் புரதம் ஒழிந்ததை உறுதி செய்துகொண்ட மனிதர், அந்த நுரைக்குள்ளேயே புரதத்துக்கு என்ன ஆகிறது என்று கேட்கிறார். முட்டையின் வெண்கருவை அடித்து நுரைக்க வைத்தால் அது மறுபடி பழைய வெண்கருவாகாது. சுட வைத்தாலும் ஆகாது. அமிலம், காரம், சாராயம், யூரியா எது பட்டாலும் இதே கதி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இத்தனை காரணங்கள் ஒரே விளைவைத் தருகின்றன என்றால், விளைவு நிகழும் இடம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் சொன்ன விளக்கம் இது. புரதம் நீண்ட சங்கிலி. ஆனால் இயல்பான நிலையில் அது தளர்ந்து கிடப்பதில்லை. தனக்குள் ஒழுங்காக மடங்கி, படிகம் போன்ற ஓர் அடுக்கில் இறுகியிருக்கிறது. சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் பிணைப்பு வலுவானது. மடிப்பைப் பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்புகள் பலவீனமானவை. வெப்பமோ அமிலமோ குலைப்பது அந்தப் பலவீனமான ஈர்ப்புகளை மட்டும்தான். சலவை செய்து மடித்த வேட்டி உதறி விழுந்தது போல: நூல் ஒன்றும் அறுந்திருக்காது, ஆனால் மடிப்பு போயிற்று. மடிப்புக்குள் ஒளிந்திருந்த பகுதிகள் வெளியே வருகின்றன, பக்கத்துச் சங்கிலிகளோடு சிக்கிக்கொள்கின்றன, கரைதிறன் போகிறது, திரள்கிறது. வேகவைத்த முட்டை எளிதில் செரிப்பதற்கும், திரிந்த புரதம் மறுபடி படிகமாகாததற்கும் இதே காரணம்.

1929 ஆகஸ்டில் பாஸ்டனில் கூடிய பதின்மூன்றாவது சர்வதேச உடலியங்கியல் மாநாட்டில் இதைச் சொன்னார். விரிவான கட்டுரை 1931இல், பீக்கிங்கிலிருந்து வந்த சீன உடலியங்கியல் இதழில், தொடரின் பதின்மூன்றாம் கட்டுரையாக வந்தது. அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் இதன் துணிச்சல் புரியும். புரதம் என்பது திட்டவட்டமான மூலக்கூறா, சின்னச் சின்னத் துகள்கள் ஒட்டிக்கொண்ட கூழா என்பதிலேயே அன்று ஒருமித்த கருத்து இல்லை. யூரியேஸ் நொதியைச் சம்னர் படிகமாக்கியது 1926இல்தான். அதை நம்பாதவர்கள் ஏராளம். படிகப் புரதத்தின் தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் வர 1934 ஆக வேண்டியிருந்தது. புரதத்தின் உருவத்தை யாரும் காணாத காலத்தில், அது உருக்குலையும் விதத்தை மட்டும் பார்த்து அதற்கு உருவம் இருந்தே தீர வேண்டும் என்று ஊகித்திருக்கிறார். ஃபோலினின் மாணவராக எறிந்த சக்கைதான் அவருக்குச் சாட்சி.

ஆனால் யார் கேட்டார்கள்? 1936இல் மிர்ஸ்கியும் லைனஸ் பாலிங்கும் இதை ஒத்த கருத்தை, ஹைட்ரஜன் பிணைப்பைச் சேர்த்து வலுவாகச் சொன்னபோது உலகம் கேட்டது. பாடநூல்கள் அவர்களிடமிருந்தே கதையைத் தொடங்கின. பீக்கிங்கில் அச்சான ஓர் இதழ் மேற்கின் எத்தனை நூலகங்களுக்குப் போயிருக்கும் என்பது ஒரு காரணம். கேட்கும் காது தயாராகுமுன் சொல்லிவிட்டார் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதே பெரிதாகப் படுகிறது. பாஸ்டனில் நேரிலேயே சொன்னாரே, அங்கே நூலகத்தைக் குறை சொல்ல முடியாதல்லவா? 1995இல், புரத வேதியியலின் முன்னேற்றங்களைத் தொகுக்கும் புகழ்பெற்ற ஆண்டுத் தொகுதி, அறுபத்து நான்கு ஆண்டுப் பழைய அந்தக் கட்டுரையை முழுவதுமாக மறுபதிப்பு செய்தது. முன்னுரை எழுதியவர் ஜான் எட்சால். புரத இயல்பு திரிதலின் முதல் கோட்பாடு என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

ஊட்டச்சத்துப் பக்கம் வூ செய்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சீனர்கள் உண்ணும் உணவுப் பொருள்களின் சத்து அளவை ஆராய்ந்து 1928இல் அட்டவணையாக வெளியிட்டார். எலிகளைத் தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவில் வளர்த்து, கலப்புணவு எலிகளோடு ஒப்பிட்டார். சைவ எலிகள் வளர்ச்சியில் பின்தங்கின. இதைக் கேட்டுச் சைவ வாசகர்கள் சண்டைக்கு வர வேண்டியதில்லை. தானியமும் காய்கறியும் மட்டும் கிடைத்த வட சீன ஏழைகளின் தட்டு பற்றிய கவலை அது. பாலும் தயிரும் புழங்கும் வீட்டைப் பற்றியதல்ல.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத் தாக்குதலை அடுத்து ஜப்பானியப் படை கல்லூரிக்குள் நுழைந்தது. சில வாரங்களில் கல்லூரி மூடப்பட்டது. இருபது ஆண்டு வேலை அங்கேயே நின்றது. 1944இல் சோங்ச்சிங் போய் அங்கிருந்து அமெரிக்கா. போர் முடிந்தபின் மறுபடி சீனா. 1947இல் மறுபடி அமெரிக்கா. இந்தக் கடைசிப் பயணம் கொலம்பியாவில் ஐசோடோப்பு நுட்பம் கற்க. ஐம்பது வயதைத் தாண்டிய துறைத் தலைவர் புதிதாக ஒரு கருவியைப் பழக மாணவனாகப் போய் உட்கார்ந்திருக்கிறார். 1949இல் சீனாவில் ஆட்சி மாறியது; குடும்பம் அமெரிக்காவில் ஒன்று சேர்ந்தது. அலபாமா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் சில ஆண்டுகள். மாரடைப்பு வந்த பிறகு 1953இல் ஓய்வு பெற்று பாஸ்டன் பக்கம் குடியேறி, 1959 ஆகஸ்டில் காலமானார். டெய்சி அந்த ஆண்டே அவர் நினைவாக ஒரு நூல் தொகுத்து வெளியிட்டார்.

பீக்கிங்கில் 1928இல் பிறந்த மூத்த மகன் ரே வூவும் உயிர்வேதியியலே படித்தார். லாம்டா என்னும் வைரஸின் டிஎன்ஏவுக்கு இரு முனைகளிலும் ஒட்டும் தன்மையுள்ள சிறு வால் உண்டு. அந்த வாலின் எதிரே டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியைக் கொண்டு கதிரியக்கக் குறியிட்ட எழுத்துகளை அளந்து சேர்த்து, எது எத்தனை ஏறியது என்று எண்ணி, 1971இல் பன்னிரண்டு எழுத்துகளின் வரிசையையும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தார். டிஎன்ஏ வரிசையை நேரடியாகப் படித்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. பன்னிரண்டில் பத்து ஜியும் சியும். ஏயும் டியும் ஒவ்வொன்றுதான். அளந்து ஊற்றுவது, அளவு தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாததை எண்ணுவது என்ற கைப்பழக்கம் வீட்டிலேயே இருந்தது என்று நினைக்கத் தோன்றுகிறது.

1980களில் ரே வூ இன்னொன்றும் செய்தார். சீனாவின் பல்கலைக்கழகங்களில் தேர்வு நடத்தி, உயிர்வேதியியல் மாணவர்களை அமெரிக்காவின் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். தந்தை கப்பல் கட்டப் படிக்கப் போனது நாட்டிடம் பிடுங்கிய இழப்பீட்டுப் பணத்தில். மகன் அனுப்பிய 400க்கும் மேற்பட்டவர்கள் போனது உயிர்வேதியியலே படிக்க.